கார்மஞோலா நிலையத்துச் சிறுவன்

புனித தொன் போஸ்கோ பிறந்த இருநூறாம் ஆண்டான 2015-இல் தூரின் நகருக்குச் சென்றிருந்தோம். வால்தோக்கோவிலுள்ள சகாயமாதா பேராலயத்தில் திருப்பலி முடிந்ததும் உடன்வந்தோர் கடைவீதிக்குச் சென்றனர். நாமோ தெற்கே கார்மஞோலாவுக்கு இரயில் ஏறினோம். குடைமிளகாய்க்குப் பெயர்போன ஊர். நிலையத்தில் காண்பதற்கு ஒன்றுமில்லை. ஆயினும் நெடுநேரம் அங்கேயே அமர்ந்திருந்தோம்.

1857-இன் இலையுதிர் காலத்தில், மூடுபனி சூழ்ந்த மாலைப்பொழுதில், வண்டிக்காகக் காத்திருந்த தொன் போஸ்கோ அங்கே சிறுவர் கூட்டமொன்றைக் கண்டார். குருவைக் கண்டு மற்றவர் ஓட, ஒருவன் மட்டும் இடுப்பில் கைவைத்து எதிர்நின்றான். அவனே தலைவன், மிக்கேல் மகோனே. தந்தையற்றவன், தாய் பிறரிடம் ஊழியம் செய்பவள். பள்ளியிலும் கோயிலிலும் அவனால் தொல்லையே என்பது உள்ளூர்க் குருவின் சாட்சி.

வால்தோக்கோவில் அவனுக்கு முதலில் கிடைத்தது தண்டனையன்று, தன்னைக் கவனித்துக்கொள்ள ஒரு தோழன். பிறகு அவனே பிறரைக் கவனிக்கலானான். எழுதத் தெரியாதவர்க்குக் கடிதம் எழுதினான், படுக்கை விரித்தான், மறைக்கல்வியும் பாட்டும் சொல்லிக்கொடுத்தான். குளிரால் கைகள் புண்பட்ட ஒருவனுக்கு உடை அணிவித்து, பாடம் எழுதித் தந்து, ஈற்றில் தன் கையுறைகளையும் கொடுத்துவிட்டான். 1859 சனவரி 21-இல் பதின்மூன்று வயதில் இறந்த அவனது வரலாற்றைத் தொன் போஸ்கோவே 1861-இல் எழுதினார். ஞாயிறுதோறும் திரண்ட சிறுவர்க்குப் போதித்தவர்களிலும் பலர் அங்கேயே வளர்ந்த மூத்த பையன்கள்தாம்.

இரக்கத்தைப் பிரசங்கத்தால் ஊட்டிவிடலாம் என்று இருபது ஆண்டுகள் நம்பியவர்கள் நாம். அந்நிலையத்தில் நம் நினைவுக்கு வந்தவன், சண்டைக்காரன் என்று பீடப்பணியாளர் குழுவிலிருந்து நாம் விலக்கிய பதினான்கு வயதுப் பையன். விலக்கியபோது அவன் ஒரு சொல்லும் பேசவில்லை.

ஊர் திரும்பி, மறைக்கல்வி வகுப்பின் மிகச் சிறிய நால்வரை அவன் பொறுப்பில் விட்டோம். நாமும் அருகிலேயே இருந்தோம். தொன் போஸ்கோவும் பிள்ளைகளைத் தனியே விட்டவரல்லர். முதல் வாரம் முகஞ்சுளித்தான். மூன்றாம் வாரம், அழுத குழந்தையின் மூக்கைத் தன் சட்டை நுனியால் துடைத்தான். யாரேனும் பார்த்தார்களா என்று சுற்றும் பார்த்தான். நாம் செபப்புத்தகத்தைப் புரட்டுவதுபோல் இருந்துவிட்டோம்.

பள்ளியில் சண்டை நின்றபாடில்லை. ஒரு ஞாயிறு வரவேயில்லை. நால்வரும் கோயில் படியில் அமர்ந்து தெருவையே நோக்கியிருந்தனர். அவர்களையும் அழைத்துக்கொண்டு அவன் வீட்டை நோக்கி நடந்தோம்.