இரண்டு ஊர்ப் ‘பார்க்கலாம்’

ஓசூரில் இருந்துகொண்டு கொரியாக்காரர்களோடு வேலை செய்வது எனக்குப் பழகிப்போன விஷயம். 1998-ல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தியைத் தொடங்கிய பிறகு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரிய உதிரிபாகக் கம்பெனிகளும் வந்தன. அப்படி ஒரு கம்பெனிக்குப் பாகங்கள் செய்து கொடுத்த சிப்காட் தொழிற்சாலை ஒன்றில்தான் என் கடைசிப் பதினோரு வருட சர்வீஸ் போனது. நேரில் பார்த்துப் பேசியவரை பெரிய சிக்கல் இல்லை. 2020-ல் கொரோனா வந்து எல்லோரையும் வீட்டில் உட்காரவைத்தபோதுதான், வாயால் பேசியதைவிடக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொண்டது எவ்வளவு அதிகம் என்று தெரிந்தது.

முதல் சிக்கல் நம் எல்லை. ஜூஜூவாடி வரை தமிழ்நாடு, அதைத் தாண்டி அத்திப்பள்ளி என்றால் கர்நாடகம். எங்கள் இன்ஜினியர்களில் பாதிப்பேர் சந்தாபுராவிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் குடியிருந்து தினமும் வந்து போனவர்கள். மார்ச் 25-ல் ஊரடங்கு தொடங்கியதும் அந்த வழி அடைபட்டது. ஏப்ரல் கடைசியில் மத்திய அரசு வெளியிட்ட பட்டியலில் தமிழ்நாட்டிலேயே பச்சை மண்டலமாக இருந்தது நம் கிருஷ்ணகிரி மாவட்டம் ஒன்றுதான். பெங்களூரு நகரமோ சிவப்பு. தொழிற்சாலை பச்சையில், ஆட்கள் சிவப்பில்!

இதைக் கொரியாவில் இருந்தவர்களுக்குப் புரியவைப்பது லேசாக இல்லை. அவர்கள் நாட்டில் தேகு நகரத்தில் நோய் கடுமையாகப் பரவியபோதும் நாடு முழுக்க ஊரடங்கு போடவில்லை. ஏப்ரல் 15-ல் பொதுத்தேர்தலே நடத்தி முடித்தார்கள். “அரை மணி நேர தூரத்தில் இருக்கிற ஆள் ஏன் வரமுடியாது?” என்று அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. நம்மிடம் பதிலும் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கத்தான் நாளானது.

அவர்கள் கடிகாரம் நம்முடையதைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடும். அங்கே காலை எட்டரை மணிக் கூட்டம் என்றால் இங்கே விடியற்காலை ஐந்து. அந்தக் கூட்டத்தில் அவர்கள் “நே, நே” என்பார்கள். “ஆமாம்” என்று அர்த்தம். ஆனால் பல சமயம் “கேட்டுக்கொண்டிருக்கிறேன்” என்பதற்கு மேல் அதில் ஒன்றும் கிடையாது. நம் ஆட்கள் சொல்லும் “சரி சார்” மாதிரிதான். தொகை பேசும்போதும் நிதானம் வேண்டும். அவர்கள் பத்தாயிரத்தை ‘மன்’ என்று ஓர் அலகாக எண்ணுவார்கள். பத்து மன் நம் ஒரு லட்சம். அவர்களுடைய ஒரு ‘ஒக்’ நம் பத்து கோடி. ஆகவே எந்தத் தொகையையும் எண்ணால் எழுதிக் காட்டாமல் நான் விட்டதில்லை.

‘பல்லி பல்லி’ என்றால் கொரிய மொழியில் ‘சீக்கிரம் சீக்கிரம்’. அவர்கள் ஆய்வுக்கு வரும் நாளில் எங்கள் பையன்கள் “இன்னைக்குப் பல்லி எத்தனை தடவை சொல்லுச்சு?” என்று கேட்டுச் சிரிப்பார்கள். அந்த அவசரத்தின் குணம் எனக்கு மே மாதம்தான் தெளிவானது. ஆலையைத் திறக்க அனுமதி கிடைத்ததும் “சரக்கு எப்போது?” என்று கேட்டார்கள். ஃபோர்மேன் வழக்கம்போல “ஆயிடும் சார்” என்றார். நான் அதை அப்படியே அனுப்பவில்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் எத்தனை பேர், அந்தப் பக்கம் எத்தனை பேர், பாஸ் கிடைத்தவர்கள் எத்தனை பேர், அதனால் எந்தத் தேதியில் எத்தனை பீஸ் என்று அட்டவணை போட்டு அனுப்பினேன். அவர்கள் கேட்டதில் பாதிதான் வந்தது. ஆனாலும் கோபமில்லை, நன்றி சொல்லிப் பதில் வந்தது. கெட்ட செய்தி சீக்கிரம் வந்தால் அவர்கள் அதற்கேற்ப ஏற்பாடு செய்துகொள்வார்கள். தாமதமாக வந்தால்தான் பொறுக்கமாட்டார்கள்.

இதைவிடக் கஷ்டமான விஷயம் பணம். எங்களுக்கு ஜாப் ஒர்க் செய்த சிட்கோ லேத் பட்டறைகள் பிப்ரவரியிலேயே சரக்கைக் கொடுத்துவிட்டன. மேலேயிருந்து எங்களுக்குப் பணம் வந்தால்தான் அவர்களுக்குப் போகும். “அண்ணா, பசங்களுக்கு ரெண்டு மாசமா அரைச் சம்பளம்தான் குடுக்கறேன். ஏதாவது பண்ணுங்கண்ணா” என்று பட்டறைக்காரர் ஒருவர் தினமும் போன் செய்வார். கூட்டத்தில் கேட்டேன். கொரியத் துறைத் தலைவர் (புஜாங்நிம் என்போம்; அங்கே பெயரைவிடப் பதவியைச் சொல்லி அழைப்பதுதான் மரியாதை) “கொம்தோ ஹகெஸ்ஸும்னிதா” என்றார். “பரிசீலிக்கிறோம்” என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னார்.

எனக்கு அது வேறு மாதிரி கேட்டது. நம்மூரில் பெண் கேட்டு வந்தவர்களிடமும் கடன் கேட்டு வந்தவர்களிடமும் நாம் சொல்லும் “பார்க்கலாம்” தான் அது. முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல நமக்கும் வராது, அவர்களுக்கும் வராது. நேரில் என்றால் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைக் கேட்டிருக்கலாம். திரையில் பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்க, அவரும்தான் என்ன சொல்வார்?

அன்று மாலை அவருக்குத் தனியாகக் காக்காவோ டாக்கில் எழுதினேன். பணம் தருவீர்களா என்று கேட்கவில்லை. “இதற்கு எந்தக் காகிதம் மேலே போகவேண்டும்? யார் யார் கையெழுத்து வேண்டும்?” என்று கேட்டேன். பத்து நிமிடத்தில் நீளமாகப் பதில் வந்தது. அங்கே ‘புமுயி’ என்று ஒரு முறை உண்டு. கீழே இருப்பவர் கோரிக்கையை எழுதுவார், அது ஒவ்வொரு படியாக ஒப்புதல் வாங்கி மேலே ஏறும். புஜாங்நிம் நினைத்தாலும் தனியாக முடிவெடுக்க முடியாது. ஏறிப்போகத்தக்க காகிதம் ஒன்று அவர் கையில் வேண்டும், அவ்வளவுதான்.

ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். பட்டறை வாரியாக பில் நம்பர், ரூபாயிலும் வொன்னிலும் தொகை, வேலை செய்யும் ஆட்களின் எண்ணிக்கை, அந்தப் பட்டறை மூடினால் அவர்களுடைய எந்த லைன் எத்தனை நாளில் நிற்கும் என்ற கணக்கு. மூன்று வாரத்தில் பாதிப் பணம் வந்தது, மீதி ஜூலையில். தினமும் போன் செய்த பட்டறைக்காரர் பிழைத்துக்கொண்டார். இன்னொருவரால் அதுவரை தாங்க முடியவில்லை. லேத்தை விற்றுவிட்டு ஊத்தங்கரைக்கே போய்விட்டார்.

இன்று நம் பிள்ளைகள் வீட்டு மாடியில் உட்கார்ந்தே நாலு தேசத்தோடு பேசுகிறார்கள். எதிரே இருப்பவர் இழுத்தடிக்கிறார் என்று அவர்கள் அலுத்துக்கொண்டால் நான் சொல்வது இதுதான்: அவர் சொன்னது அவர் ஊர்ப் ‘பார்க்கலாம்’ ஆக இருக்கும். அவரைக் கட்டிப்போட்டிருப்பது எது என்று கேளுங்கள். முடிந்தால் அவருக்கு வேண்டிய காகிதத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். அதையும் சீக்கிரம் செய்யுங்கள். ஊத்தங்கரைக்காரருக்கு அந்த மூன்று வாரம்தான் அதிகமாகிப்போனது.