புரூட்டஸின் குரல்

ஜூலியஸ் சீசரைக் கத்தியால் குத்தியவரும், பிறகு சீசராகவே குத்துப்பட்டவரும் ஒருவரே என்றால் நம்புவீர்களா? அவர் ஆங்கில நடிகர் ஜான் கீல்குட். 1953ஆம் ஆண்டுப் படத்தில் சதிகாரன் காஷியஸாக வந்தார். 1970ஆம் ஆண்டுப் படத்தில் சீசராக மடிந்தார். பதினேழு ஆண்டுகளில் பாவம் பலித்துவிட்டது!

எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு ஷேக்ஸ்பியரின் இந்த நாடகத்தை ஆங்கிலத்திலேயே எடுத்துக்கொண்டதால், சிஸ்டரின் அனுமதியுடன் சனிக்கிழமைகளில் கணிப்பொறி அறையில் இப்படங்களைப் பார்த்தோம்.

1953ஆம் ஆண்டுப் படம் கறுப்பு வெள்ளை. இயக்கியவர் ஜோசப் மான்கீவிச். சீசரின் உடலருகே ஆன்டனியாக மார்லன் பிராண்டோ பேசும் காட்சியைத் தோழிகள் மறுபடியும் போடச் சொன்னார்கள். அவர் முழங்கும் இடத்தைவிட மௌனமாகும் இடமே எனக்குப் பிடித்தது. துக்கம் தாளாதவர் போல் கூட்டத்துக்கு முதுகு காட்டி நிற்கிறார். கூட்டம் பார்க்க முடியாத அந்த முகத்தை நாம் பார்க்கிறோம். அதில் அழுகையைக் காணோம்; மனிதர் கணக்குப் போடுகிறார்! மேடையில் இதை இவ்வளவு கிட்டத்தில் காட்ட முடியுமா? புரூட்டஸாக வரும் ஜேம்ஸ் மேசனோ குரலை உயர்த்துவதே அபூர்வம். அந்த அமைதியிலேயே அவருடைய வேதனை தெரிந்துவிடுகிறது.

ஸ்டூவர்ட் பர்ஜ் இயக்கிய 1970ஆம் ஆண்டுப் படம் வண்ணத்தில் உள்ளது. ஆன்டனி சார்ல்டன் ஹெஸ்டன். புரூட்டஸாக ஜேசன் ரோபார்ட்ஸ் வாய்ப்பாடு ஒப்பிப்பது போல் வசனம் சொல்கிறார். கனத்த ஆண் குரல்தான். இருந்து என்ன பயன்?

அதே 1970இல் தமிழிலும் ஒரு சீசர் உண்டு என்று அப்பா சொன்னார்கள். டி. ஆர். ராமண்ணாவின் "சொர்க்கம்" படத்தில், நாடகக் காட்சியொன்றில் சிவாஜி கணேசன் சீசராக வருகிறார். நடையிலேயே ரோமாபுரி தெரிகிறது. அந்தச் சிவாஜி சிறுவயதில் நாடகக் கம்பெனியில் சீதையாக வேடம் கட்டியவர். ஷேக்ஸ்பியர் காலத்து லண்டனிலும் புரூட்டஸின் மனைவி போர்ஷியாவாகப் பையன்கள்தாம் நடித்தார்கள்.

இதை நான் யோசித்ததற்குக் காரணம் உண்டு. இந்நாடகத்தில் போர்ஷியா, கல்பூர்னியா என்று பெண்கள் இரண்டே பேர். பெண்கள் பள்ளியில் மற்றவர்கள் எல்லாரும் ஆண் வேடம் போட வேண்டியதுதான். எனக்குப் புரூட்டஸ். குரலைக் கனமாக்கிப் பேசும்படி ஆசிரியை சொன்னார்கள். அப்படிப் பேசினால் எனக்குத் தொண்டை கட்டியது. கேட்டவர்களுக்குச் சிரிப்பு வந்தது.

கடைசியாகப் பார்த்த படம்தான் எனக்கு வழி காட்டியது. பிலிடா லாய்ட் என்னும் பெண்மணி 2012இல் லண்டன் டான்மார் அரங்கில் மேடையேற்றிய நாடகம், பிறகு படமாக்கப்பட்டது. நடிப்பவர் அனைவரும் பெண்கள். சிறையில் உள்ள பெண் கைதிகள் சேர்ந்து நாடகம் போடுவதாக அமைப்பு. (கரடுமுரடான சில இடங்களைச் சிஸ்டர் வேகமாக ஓட்டிவிட்டார்கள்.) புரூட்டஸாக ஹேரியட் வால்டர். ஒட்டு மீசையும் இல்லை, ரோமானிய அங்கியும் இல்லை. பேசுவது தம் சொந்தக் குரலில். நண்பனைக் கொல்லப் போகிறவரின் கலக்கம் முகத்தில் இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் அவர் பெண் என்பதே நினைவில் இல்லை.

ஏன் என்னிடம் மறைக்கிறீர்கள் என்று போர்ஷியா கேட்கும் இடத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். 1953இல் டெபரா கெர் கெஞ்சும்போது எனக்கு மேசன் மேல் கோபம்தான் வந்தது. இங்கே இருவர் மேலும் இரக்கம் வந்தது.

இதையெல்லாம் ஆசிரியையிடம் சொன்னேன். சீசரின் சிலைகளில் மீசை கிடையாது என்பதையும் சேர்த்துக்கொண்டேன். "குரல் உன் இஷ்டம், மீசை என் இஷ்டம்" என்று தீர்ப்பளித்தார்கள். தாம்பரத்தில் வாடகைக்குக் கிடைத்ததோ கட்டபொம்மன் மீசை!

விழாவன்று போர்ஷியா என் முன் மண்டியிட்டபோது, வியர்வையில் மீசையின் ஒரு பக்கம் பிரிந்து தொங்கியது. அதைப் பிய்த்து உள்ளங்கையில் மூடிக்கொண்டு, என் குரலிலேயே மறுமொழி சொன்னேன். முன்வரிசையில் குழந்தைகள்கூடச் சிரிக்கவில்லை. அடுத்த காட்சிக்கு முன் ஆசிரியை பசைக் குப்பியுடன் ஓடி வந்தார்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, மீசையை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.