விருந்தளிக்கும் முறை எமக்கு வந்தபோது

இலங்கையிலே றகர் என்ற பெயரால் அறியப்பட்ட ஆட்டம் எங்களுடைய ஆட்டமன்று. கொழும்பிலும் கண்டியிலும் உள்ள பெருங்கல்லூரிகள் அதனை ஆடின. றோயல் கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் 1945 ஆம் ஆண்டு முதல் பிறட்பிக் கேடயத்துக்காக அதில் மோதி வருகின்றன. வடக்கே எங்களுக்கு வாய்த்தவை வேறு. யாழ். மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையே 1904 இல் தொடங்கிய துடுப்பாட்டப் போர், ஊருக்கு ஊர் உதைபந்தாட்டக் கழகங்கள், மாலையில் வலை கட்டி ஆடிய கரப்பந்தாட்டம். அந்த நீள்வட்டப் பந்தைப் பத்திரிகைப் படங்களில் கண்டதோடு சரி.

அத்தகைய எங்களிடம், 2025 பங்குனி மாதத்துச் சனிக்கிழமையொன்றில், பன்னிரண்டு றக்பி அணிகளுக்கு விருந்தளிக்கும் பொறுப்பு வந்து சேர்ந்தது. எங்களிடம் என்பது, லண்டன் மாநகரின் வடமேற்கே ஒரே பாடசாலைக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஆறு தமிழ்க் குடும்பங்களிடம். பதின்மூன்று வயதுக்குட்பட்டோருக்கான எழுவர் றக்பிச் சுற்றுப்போட்டியை எங்கள் பாடசாலை நடத்தவிருப்பதாகவும், பெற்றோர் கைகொடுக்க வேண்டும் என்றும் தை மாதத்திலேயே கடிதம் வந்திருந்தது. ஆறு வீடுகளில் நான்கு வீட்டுப் பிள்ளைகள் அணிக்குத் தெரிவாகியிருந்தனர்.

இந்நாட்டு றக்பியில் ஒரு நல்ல மரபுண்டு. வந்து ஆடியவர்கள் வென்றாலும் தோற்றாலும், மைதானத்துக்கு உரியவர்கள் அவர்களுக்கு உணவளித்தே அனுப்புவர். அகதியாய் வந்தவனுக்கு இங்கே நெடுங்காலம் ஒரே இடந்தான்: வரவேற்கப்படுபவன், அல்லது வரவேற்கப்படாதவன். வாசலில் நின்று "வாருங்கள்" என்று பிறரை அழைக்கும் இடம் அவனுக்கு எளிதில் அமைவதில்லை. நாங்கள் உடனே சம்மதித்ததற்கு முதற்காரணம் ஆட்டமன்று. அந்த வாசலே.

ஆட்டத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1883 இல் ஸ்கொட்லாந்தின் மெல்றோஸ் என்னும் சிற்றூரில், ஊர்க் கழகத்துக்குப் பணம் சேர்க்கும் பொருட்டு, நெட் ஹெய்க் என்ற இறைச்சிக்கடைக்காரர் முன்வைத்த யோசனையிலிருந்து எழுவர் றக்பி பிறந்தது. பதினைவர் ஆடும் பெருமைதானத்தில் எழுவர் மட்டும் ஆடுவதால் வெற்றிடம் அதிகம், ஓட்டம் அதிகம். பந்தைக் கையால் முன்னோக்கி எறிதல் ஆகாது. பின்னாலோ பக்கத்திலோ வருபவனிடந்தான் கொடுக்கலாம். எதிராளியின் கோட்டுக்கு அப்பால் பந்தை நிலத்தில் ஊன்றினால் 5 புள்ளிகள், அதன்பின் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மேலும் 2. 2016 இல் றியோ ஒலிம்பிக்கில் இவ்வாட்டம் முதன்முறை இடம்பெற்றபோது பிரித்தானியாவை 43க்கு 7 என வீழ்த்தித் தங்கம் வென்றது பிஜி. அந்நாடு ஒலிம்பிக்கில் பெற்ற முதற் பதக்கமே அதுதான். கரும்புத் தோட்டக் கூலிகளாகத் தமிழரும் கொண்டுசெல்லப்பட்ட அதே பிஜிதான் என்று பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லப்போக, அவர்கள் அதைக் காதில் வாங்காமல் அந்த இறுதியாட்டத்தையே மறுபடியும் பார்த்துக்கொண்டிருந்தனர். எங்களுள் மூத்தவர் ஒருவர் அதைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இது எங்கட கிளித்தட்டெல்லோ" என்றார். முற்றிலும் பொருந்தாது என்றாலும், ஆளை ஏமாற்றிக் கோடு தாண்டும் இன்பம் இரண்டிலும் ஒன்றே.

இடர்ப்பாடு வேறிடத்தில் இருந்தது. ஒரு தாய் சம்மதப் படிவத்தில் கையொப்பமிட மறுத்துவிட்டார். வன்னியிலிருந்து 2009 இற்குப் பின் வந்தவர். "கை காலோட வந்து சேர்ந்ததே பெரிய பாடு, அக்கா. பெத்த பிள்ளையை ஆளாள் விழுத்தி விளையாட விடச் சொல்லுறியளோ?" என்று அவர் கேட்டபோது எங்களிடம் மறுமொழி இருக்கவில்லை. பிள்ளையோ மூன்று நாளாக முகங்கொடுத்துப் பேசவில்லை. இறுதியில் அத்தாயையே பயிற்றுநரிடம் அழைத்துச் சென்றோம். மொழிபெயர்க்க மகனை விடாமல் எங்களில் ஒருவரே இருந்தோம்; மகனை விட்டிருந்தால் விடைகள் வேறாக வந்திருக்கும்.

பயிற்றுநர் பொறுமையுடன் விளக்கினார். 2023 முதல் இங்கிலாந்தின் பாடசாலை, கழக மட்ட ஆட்டங்களில் மறித்து வீழ்த்துபவன் நெஞ்செலும்பின் அடிப்பகுதிக்கு மேலே பிடிக்கலாகாது. தலையில் அடிபட்டதென்ற ஐயம் எழுந்தாலே பிள்ளையை வெளியேற்றிவிடுவர். அன்று அவன் திரும்ப ஆட முடியாது. முதல் ஓரிரு நாட்கள் ஓய்வு, பின்பு படிப்படியாகப் பயிற்சி. 21 நாட்களுக்கு முன் போட்டியில் இறங்க இடமில்லை. இவையாவும் எழுத்தில் உள்ளவை. அத்தாய் எல்லாவற்றையும் கேட்டார். அன்று முழுதும் தாம் மைதான ஓரத்தில் நிற்க இடம் தந்தால் கையொப்பமிடுவதாகச் சொன்னார். தேநீர் மேசை அவருக்கு ஒதுக்கப்பட்டது.

அணிக்குப் பன்னிருவர் என்றால் சிறுவர் மட்டும் 144 பேர். மரக்கறி றோல்ஸ், பற்றிஸ், முட்டைச் சான்விச், தோடம்பழத் துண்டுகள், வாழைப்பழம் என்று பட்டியல் போட்டோம். பாடசாலை அலுவலகம் வேறொரு பட்டியலைத் தந்தது. ஒவ்வாமை விளைக்கும் 14 வகைப் பொருட்களுள் எவை எந்த உணவில் உள்ளன என எழுதி ஒட்ட வேண்டுமாம். அந்தப் பதினான்கில் கடுகும் உண்டு, எள்ளும் உண்டு! கைப்பக்குவத்தில் நாற்பது ஆண்டு சமைத்த எங்கள் தாய்மார், தாளிதத்தில் என்ன இட்டோம் என்பதை முதன்முறையாக எழுத்தில் கண்டனர். ஒரு வீட்டில் கடுகில்லாமலே றோல்ஸ் செய்து பார்த்தனர். சுவையில் குறை தெரியவில்லை என்பதை அவ்வீட்டார் இன்றும் ஒப்புக்கொள்வதில்லை.

போட்டி நாளன்று புல்லின் மேல் உறைபனி படிந்திருந்தது. பதிவு மேசையில் எங்களுள் ஒருவர் அமர்ந்தார். தஞ்ச விண்ணப்பத்துக்காக ஆண்டுக்கணக்கில் மேசைகளுக்கு முன்னே வரிசையில் நின்றவர். அன்று அவர் மேசைக்குப் பின்னே இருந்து, வந்த ஒவ்வொரு அணியின் பெயர்ப்பட்டியலையும் வாங்கிப் பிறந்த திகதிகளைச் சரிபார்த்து, "அடுத்தவர்" என்று அழைத்தார். ஒவ்வொரு பயிற்றுநரும் அமர்வதற்கு ஒரு நாற்காலியை மேசையின் மறுபுறம் அவரே கொண்டுவந்து வைத்திருந்தார்.

ஒழுங்குமுறை எங்களுக்கு மிகவும் பிடித்தது. பன்னிரண்டு அணிகளும் மும்மூன்றாய் நான்கு பிரிவுகள். 7 நிமிடப் பாதிகள் இரண்டு, நடுவே 2 நிமிட இடைவேளை, அணி மாற 4 நிமிடம். ஆக ஆட்டத்துக்கு 20 நிமிடம். இரு மைதானங்களிலும் ஒரே ஊதுகுழலுக்கு ஆட்டங்கள் தொடங்கி முடிந்தன. பிரிவாட்டங்கள் பன்னிரண்டும் இரண்டு மணி நேரத்தில் நிறைவுற்றன. அதன்பின் முதலிடத்தவர் தமக்குள்ளும், இரண்டாமிடத்தவர் தமக்குள்ளும், மூன்றாமிடத்தவர் தமக்குள்ளும் அரையிறுதி, இறுதி என ஆடினர். எந்த அணியும் மூன்று ஆட்டங்களுக்குக் குறைய ஆடித் திரும்பவில்லை. காலையிலேயே தோற்றுப் பகல் முழுதும் மரநிழலில் குந்தியிருந்த பாடசாலைக் காலம் எங்களில் சிலருக்கு நினைவுண்டு. எங்கள் ஊர்ச் சங்கங்கள் கோடைகாலத்தில் நடத்தும் விளையாட்டு விழாக்களிலும் இம்முறையைக் கைக்கொள்ளலாம்.

இரண்டாவது ஆட்டத்தில் அது நேர்ந்தது. அத்தாயின் மகன் ஓடிவந்த ஒருவனை முறைப்படி தாழப் பிடித்து வீழ்த்தினான். விழுந்தவனின் முழங்கால் இவன் தலையில் பட்டது. மத்தியஸ்தர் ஊதினார். முதலுதவியாளர் ஓடினார். எழுந்து நின்ற பிள்ளை, தனக்கு ஒன்றுமில்லை என்றான். இது முதற் பாதியா இரண்டாம் பாதியா, கடைசியாகப் புள்ளி பெற்றவர் யார் என்று முதலுதவியாளர் கேட்டார். முதற் கேள்விக்குச் சரியாகச் சொன்னவன் இரண்டாவதற்குத் தடுமாறினான். அவ்வளவுதான், வெளியே அழைத்து வந்துவிட்டனர்.

தேநீர்க் கொதிகலனின் குழாயை மூடிவிட்டுத் தாய் நடந்து வந்தார். ஓடிவரவில்லை. மகனின் முகத்தை இரு கைகளாலும் பிடித்துப் பார்த்தார். பின்பு எங்கள் பக்கம் திரும்பி, "21 நாள் எண்டது இண்டையில இருந்தோ, நாளையில இருந்தோ?" என்று கேட்டார். அடிபட்ட நாளைப் பூச்சியமாகக் கொண்டு எண்ண வேண்டும் என்றார் முதலுதவியாளர். ஒரு நாளைக்குள் மருத்துவ ஆலோசனை பெற வேண்டும் என்பதால் 111 இலக்கத்துக்கு நாங்கள் அழைத்தோம். பிள்ளை தகப்பனின் மேலங்கிக்குள் சுருண்டு மேசையருகே அமர்ந்தான். அவனைக் கண்ணில் வைத்தபடியே அவர் மற்றவர் பிள்ளைகளுக்குக் குவளைகளை நீட்டிக்கொண்டிருந்தார். முழங்காலால் இடித்த சிறுவன் தன் அணியினரை விட்டுத் தனியே வந்து, இவனருகில் நின்று, என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றான். அவனுக்கு இரண்டு பற்றிஸ் கிடைத்தது.

எங்கள் அணி இரண்டாமிடத்தவருக்கான அரையிறுதியில் 19க்கு 17 எனத் தோற்றது. பிள்ளைகள் சிறிது அழுதனர். கால் மணி நேரத்தில் றோல்ஸ் வரிசையில் நின்றனர்.

வந்த பயிற்றுநர்களுள் ஒருவர் நோன்பிருந்தார்; அது றமழான் மாதம். காலை முதல் மாலை வரை ஒரு மிடறு நீரும் அருந்தாமல் எல்லைக்கோட்டோரம் ஓடியவருக்கு, மரக்கறிப் பண்டங்களை வெள்ளித்தாளில் பொதிந்து, உட்பொருட்களை எழுதிய சீட்டையும் ஒட்டி, நோன்பு துறக்கும் வேளைக்கெனக் கொடுத்தனுப்பினோம். மறுவாரம் அவருடைய பாடசாலையிலிருந்து எங்கள் பிள்ளைகளுக்கு அழைப்புக் கடிதம் வந்தது. அடுத்த முறை விருந்து அவர்களுடையதாம்.

அத்தாய் நாட்காட்டியில் 21 நாட்களையும் ஒவ்வொன்றாக வெட்டினார். இருபத்திரண்டாம் நாள் மகன் கேட்டான். அவர் இன்னும் விடை சொல்லவில்லை என்றும், ஆனால் காலணியைக் கழுவி வெயிலில் வைத்திருக்கிறார் என்றும் எங்களுக்குத் தகவல்.

எங்களுக்குள் தீராத வழக்கு ஒன்று மிஞ்சியிருக்கிறது. அச்சனிக்கிழமை நான்கு பிள்ளைகளும் தமிழ்ப் பாடசாலைக்குச் செல்லவில்லை. அங்குள்ள ஆசிரியை, றக்பிக்குக் கிடைக்கும் சனிக்கிழமை தமிழுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று நேரே கேட்டார். கேள்வி நியாயமானது. அடுத்த சுற்றுப்போட்டியை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுமாறு பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேட்டோம். ஞாயிறுகளில் மத்தியஸ்தர்களைப் பெறுவது கடினம் என்றார் விளையாட்டுப் பொறுப்பாசிரியர். ஆயினும் எங்கள் கோரிக்கையைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, எழுதியதை எங்களுக்கு வாசித்தும் காட்டினார். தமிழ்ப் பாடசாலை முடியும் நேரத்தையும் அதில் சேர்த்துக்கொள்ளச் சொன்னோம்.