இரண்டு வாசல்

வேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் 'மிலிட்டரிக்குப் போறான்' என்றால் ஒரே அர்த்தம்தான்: சிப்பாயாகப் போகிறான். ஆபீசராகவும் போகலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. இத்தனைக்கும் சென்னை பரங்கிமலையில் 1963 முதல் அதிகாரிகள் பயிற்சி அகாடமி இருக்கிறது. ஊரிலிருந்து மூணு மணி நேரப் பயணம்.

தம்பி பி.எஸ்ஸி. இரண்டாம் வருடத்தில், அக்னிவீர் ஆள்சேர்ப்புக்குப் போகிறேன் என்றான். ஆசை ஒருபக்கம், என் கல்யாணக் கடன் ஒருபக்கம். முதல் வருடம் மாதம் 30,000, பிடித்தம் போகக் கைக்கு 21,000. நாலு வருடம் முடிந்தால் சுமார் 11.7 லட்சம். அதற்குப் பிறகு? நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது.

"டிகிரியை முடிச்சிட்டு சி.டி.எஸ். எழுதுடா" என்றேன். பரங்கிமலைக்கு ஆங்கிலம், பொது அறிவு என்று இரண்டே தாள். பயிற்சியிலேயே மாதம் 56,100 உதவித்தொகை.

அப்பா ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். "ஆபீசர்னா அது வேற உலகம்மா. இங்கிலீஷ் பேசுற வீட்டுப் புள்ளைங்க" என்றார். வன்மமாக இல்லை, பார்த்ததைச் சொன்னார். சிப்பாய் பதவி உயர்ந்து சுபேதார் மேஜர் வரை போகலாம். அத்தனை வருடம் கண்ட அந்த மனிதருக்கும் மேலே, நேற்று அகாடமியிலிருந்து வந்த 22 வயது லெப்டினன்ட். அந்தப் பையனுக்கு பிளாட்டூனைப் பழக்கிக் கொடுப்பவர் ஒரு சுபேதாரோ ஹவில்தாரோதான். அதில் அப்பாவுக்குப் பெருமையும் உண்டு.

"உள்ள போயிட்டு மேல வந்துடறேன்" என்றான் தம்பி. வழி இருக்கிறது: டேராடூன் ஆர்மி கேடட் காலேஜ். பணியிலிருக்கும் சிப்பாய்கள் தேர்வெழுதி, அங்கே மூன்று வருடம், ஐ.எம்.ஏ.வில் ஒரு வருடம் முடித்து அதிகாரி ஆகலாம். ஆனால் இடம் கொஞ்சம். நாலு வருடக் கெடுவில் இருப்பவன் அதை நம்பிக் கணக்குப் போட முடியாது.

"கடனை நாங்க கட்டுறோம். நீ படி" என்று நானும் வீட்டுக்காரரும் சொன்ன பிறகுதான் அவன் முகம் தெளிந்தது. எந்த வாசலில் நுழைவது என்பதற்குத் திறமை பாதி பதில்தான். வீட்டில் எத்தனை வருடம் காத்திருக்க முடியும் என்பது மீதி.

இப்போது காலையில் ஓடுகிறான், ராத்திரி இங்கிலீஷ் பேப்பர் படிக்கிறான். எஸ்.எஸ்.பி. நேர்காணல் ஐந்து நாள் நடக்கும் என்று கேட்டதும் அப்பா சொன்னார்: "அஞ்சு நாள் யாராலயும் நடிக்க முடியாதுடா. இப்பவே பழகிக்கோ."