ஒரே மாவு, ஏழு தோசை

புது சீரியல் ப்ரோமோ போட்டால் போதும், மிச்சக் கதையைப் பெரியபாளையத்தில் பூக்கட்டும் பாட்டியே சொல்லிவிடும்!

விஜய் டிவியில் 2020-ல் வந்த பாக்கியலட்சுமி, 2019-ல் வங்காளத்தில் ஆரம்பித்த ஸ்ரீமோயியின் கதை. இந்தியில் அதுவே அனுபமா. மராத்தி, தெலுங்கு, கன்னடம், மலையாளம்.. யாரும் விட்டுவைக்கவில்லை. எல்லாம் ஸ்டார் குழுமச் சேனல்கள், ஆகவே திருட்டு என்று சொல்லமுடியாது. ஒரு கடையில் அரைத்த மாவு, ஏழு கிளையில் தோசை. ஏற்கெனவே ஓடிய கதையென்றால் நஷ்டபயம் குறைவு. பி.காம். மக்களுக்கு இதை விளக்கவேண்டுமா என்ன :)

நம்மாட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 2018-ல் வந்த பாண்டியன் ஸ்டோர்ஸ் 2021-ல் இந்திக்குப் போய் பாண்ட்யா ஸ்டோர் ஆனது. ஊர்தான் குஜராத், மளிகைக்கடை அதேதான்.

பாக்கியலட்சுமியையாவது மன்னிக்கலாம். வீட்டுக்கே உழைத்துத் தேய்ந்து, புருஷனிடம் ஏமாந்த பெண் எல்லா மொழியிலும் இருக்கிறாள். ஆனால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடித்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குகிற பெண்? நைட் ஷிப்ட் என்றால் வீட்டில் என்ன சண்டை, அவள் சம்பளம் யார் கைக்குப் போகிறது.. இந்தக் கதையை வங்காளத்திலிருந்து வாங்கமுடியாது, இங்கே வந்து கேட்டால்தான் கிடைக்கும். கேட்கத்தான் ஆளில்லை.

அவள் சோற்றுத்தட்டோடு உட்காரும்போது டிவியில் யாரோ ஒரு மாமியார் மூன்று தடவை திரும்பித் திரும்பி முறைத்துக்கொண்டிருப்பார்.