காத்துக்கு எவ்வளவு காசு?

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் வண்டிகளுக்கு நடுவே பைக் ஓட்டுபவர்களுக்கு ‘புஸ்ஸ்ஸ்’ என்ற அந்தச் சத்தம் பழகியிருக்கும். டிரைவர் பிரேக்கை விடும்போது வெளியே வரும் காற்று அது. எங்கள் பக்கத்தில் ரோட்டில் மட்டுமல்ல, பெரிய தொழிற்சாலை முதல் சந்துக்குள் இருக்கும் லேத் பட்டறை வரை பாதி வேலையைச் செய்வது இந்த அழுத்தக் காற்றுதான்.

பி.காம் படிக்கிறவனுக்கு கம்ப்ரஸரோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். ப்ளஸ் டூ பொருளாதாரத்தில் ‘இலவசப் பண்டம்’ என்பதற்கு காற்றைத்தானே உதாரணமாக எழுதினோம்? அதற்கு இரண்டு மார்க்கும் வாங்கினேன். ஆனால் அது தப்பு என்று போன மாதம்தான் தெரிந்தது :)

அப்பா (வீட்டில் நைனா) திருவொற்றியூரில் ஒரு சின்னக் கம்பெனியில் மெயின்டெனன்ஸ் பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை லீவு என்றாலும் ஃபில்டரைச் சுத்தம் செய்யவும், டேங்கில் சேர்ந்த தண்ணீரைத் திறந்துவிடவும் போய்விடுவார். கடல் பக்கத்து ஈரக்காற்றை அமுக்கினால் தண்ணீர் பிரிந்து டேங்கின் அடியில் தேங்கும். விட்டுவைத்தால் டேங்கும் பைப்பும் துருப்பிடிக்கும். அன்று சாப்பாடு கொடுக்கப் போனேன். மிஷின் எல்லாம் நிற்கிறது, ஆள் யாரும் இல்லை. திடீரென்று கம்ப்ரஸர் மட்டும் தானாக ஸ்டார்ட் ஆகி ஓடியது.

“யாருமே இல்லியே, இது யாருக்கு நைனா ஓடுது?”

“ஓட்டைக்குத்தான்டா ஓடுது.”

சத்தமில்லாத ஷெட்டில் காதைத் தீட்டினால் கேட்கிறது. ஹோஸ் மாட்டும் இடம், வால்வு, ஜாயின்ட்... எங்கே பார்த்தாலும் ‘ஸ்ஸ்ஸ்’. சோப்புத் தண்ணீர் தடவினால் நுரை பொங்குகிறது. மிஷின்கள் ஓடும்போது இது காதில் விழவே விழாது. எண்ணெய் ஒழுகினால் தரையில் தெரியும், காற்று ஒழுகினால் கரன்ட் பில்லில் மட்டும்தான் தெரியும்.

செல்போனில் நேரம் பார்த்தேன். நாலு நிமிடம் ஓடியது, ஆறு நிமிடம் நின்றது. எந்த மிஷினும் காற்று எடுக்காதபோது பத்துக்கு நாலு நிமிடம் ஓடுகிறது என்றால், கம்ப்ரஸர் தரக்கூடிய காற்றில் 40 சதவீதம் கசிகிறது என்று அர்த்தம். சரியாகக் கவனிக்காத ஆலைகளில் 20, 30 சதவீதம் கசிவது சகஜமாம். நாங்கள் அதையும் தாண்டிவிட்டோம்!

இப்போது என் பாடம். இருபது ஹெச்.பி. மோட்டார், அதாவது 15 கிலோவாட். அதில் 40 சதவீதம் 6 கிலோவாட். தினம் 16 மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் என்றால் 28,800 யூனிட். யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்தால் ரூ.2,30,400. காஸ்டிங்கில் நார்மல் லாஸ், அப்நார்மல் லாஸ் என்று படித்தோமே, அதில் இது எது? பத்து சதவீதத்தை நார்மல் என்று தள்ளிவிட்டாலும் ரூ.1,72,800 வீண்.

அப்பாவோடு ஒரு ஹெல்பர் அண்ணன் இருந்தார். கசிவைத் தேடி டைட் பண்ணுவது அவர் வேலை. மாதச் சம்பளம் 11,000, வருடத்துக்கு 1,32,000. போன வருடம் “செலவைக் குறைக்கணும்” என்று அவரை நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு கசிவு ஏறியது, கடைசி மிஷினுக்கு பிரஷர் பத்தவில்லை என்று புகார் வந்தது. உடனே ஆறு கிலோவை ஏழாக ஏற்றச் சொன்னார்கள். ஒரு கிலோ ஏற்றினாலே மின்செலவு சுமார் 6, 7 சதவீதம் கூடும். பிரஷர் கூடினால் அதே ஓட்டையில் காற்று இன்னும் வேகமாகப் போகும். சம்பளத்தை மிச்சம் பிடித்துக் காற்றில் விட்ட கதைதான்!

கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அப்பா முதலாளியிடம் காட்டினார். “பையன் நல்லா படிக்கிறான் போல” என்றாராம். அவ்வளவுதான்.

அப்பா சொந்தக் காசில் டெஃப்ளான் டேப்பும் நாலு கிளாம்ப்பும் வாங்கினார். அடுத்த ஞாயிறு லைனை மூடி, உள்ளே இருந்த காற்றை விட்டுவிட்டு, கைக்கு எட்டிய ஜாயின்ட்களை எல்லாம் சரி செய்தோம். மறுபடி நேரம் பார்த்தேன். மூன்று நிமிடம் ஓடி, பன்னிரண்டு நிமிடம் நின்றது. 40 சதவீதம் 20 ஆகிவிட்டது.

மீதிக் கசிவு கூரையை ஒட்டிப் போகும் பெரிய பைப்பில் இருக்கிறது. வேலை நாளில் மதிய இடைவேளையில் பார்த்துவிடலாமே என்றேன். ஏணியைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்றார்.