ஆயாவின் ஐந்தாவது காசு

இந்த மாதம் எங்கள் வீட்டு வெள்ளிக் காசு ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். கீழே பென்சிலால் தேய்த்து ஒட்டியிருப்பது அந்தக் காசுதான். தயவுசெய்து யாரும் கிழிக்காதீர்கள்.

எங்க ஆயா வீடு புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறது. ஆயாவின் அப்பா சைகோனில் வேலை பார்த்தவர். அப்போது புதுச்சேரியும் சைகோனும் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தன. அதனால் நம்ம பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் கப்பல் ஏறி அங்கே போனார்கள். அவர் திரும்பி வந்தபோது 5 வெள்ளிக் காசு கொண்டுவந்தாராம். வீட்டில் ஒரு பெண் பெரியவளானால் ஒரு காசை உருக்கி, மேலே கொஞ்சம் வெள்ளி சேர்த்துக் கொலுசு செய்வார்கள். ஆயா, பெரியம்மா, அம்மா, அக்கா என்று 4 காசு முடிந்துவிட்டது. ஐந்தாவது எனக்கு.

கோடை விடுமுறையில் ஆயா அதை எடுத்துக் கொடுத்து, "நாளைக்குப் பத்தர் கிட்ட போலாம். எந்த மாதிரி கொலுசு வேணும்னு யோசிச்சி வை" என்றார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். நிறைய முத்து வைத்த கொலுசுதான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். அதைப் பக்கத்து வீட்டுச் சொல்தா தாத்தாவிடம் காட்ட ஓடினேன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்று சொல்வோம்.

தாத்தா கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துச் சொன்னார். இதன் பெயர் பியாஸ்தர். 1908ஆம் வருஷத்துக் காசு. ஒரு பக்கம் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். தலையைச் சுற்றிச் சூரியக் கதிர் மாதிரி கிரீடம். ஒரு கையில் கழிகளைச் சேர்த்துக் கட்டிய கட்டு, இன்னொரு கை கப்பல் சுக்கான் மேலே. அவள்தான் பிரெஞ்சுக் குடியரசாம். மறுபக்கம் இலை வளையம். அதன் கீழே 0.900 என்றும் 27 கிராம் என்றும் இருக்கிறது. அதாவது 27 கிராமில் 24.3 கிராம் சுத்த வெள்ளி. (கணக்கு டீச்சர், சரிதானே?)

பிறகு தாத்தா ஒரு சின்னச் செப்புக் காசைக் காட்டினார். அது புதுச்சேரியிலேயே புழங்கிய காசு. ஒரு பக்கம் பிரான்ஸ் ராஜாவின் அல்லிப்பூ, மறுபக்கம் தமிழிலேயே 'புதுச்சேரி' என்று எழுதியிருக்கிறது! நாம் சொல்லும் 'துட்டு' என்ற வார்த்தையைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் 'தூதூ' என்று அந்தக் காசுக்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள்.

அமெரிக்காவும் 1873இல் இதே மாதிரி வியாபார டாலர் என்று ஒரு வெள்ளிக் காசு அடித்திருக்கிறது. சீனாவோடு வியாபாரம் செய்வதற்காக. அதிலும் ஒரு பெண். சரக்கு மூட்டை மேல் உட்கார்ந்து, ஆலிவ் கிளையைக் கடல் பக்கம் நீட்டுகிறாள். அதிலும் எடை, சுத்தம் இரண்டும் எழுதியிருக்கிறது. சீன வியாபாரிகள் முகத்தைப் பார்த்து நம்பமாட்டார்கள், வெள்ளியைச் சோதித்துவிட்டுத் தங்கள் முத்திரையைக் குத்துவார்கள். என் காசில் அந்தப் பெண்ணின் முழங்கால் பக்கத்தில் ஒரு சின்னக் குத்து இருக்கிறது. அடிபட்ட காயம் என்று நினைத்தேன். அதுவும் அப்படி ஒரு முத்திரைதானாம்.

மறுநாள் பத்தர் காசை உரசினார், தராசில் போட்டார், தேய்மானம் இவ்வளவு என்றார். திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "உருக்கட்டுமா பாப்பா?" என்று கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. "வேணாம் ஆயா" என்றேன். ஆயாவுக்குச் சரியான கோபம். "அப்போ வெறுங்காலோட திரி" என்று சொல்லிவிட்டு வீடு வரும்வரை பேசவே இல்லை. அடுத்த 2 நாளும் பேசவில்லை.

மூன்றாம் நாள் ராத்திரி கரண்ட் போனபோது, "அந்தப் பொம்பளை கையில என்னமோ சுக்கான்னியே, எங்கே?" என்று கேட்டார்கள். ஆயாவின் விரலைப் பிடித்து அதன் மேல் வைத்தேன். தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு, "எங்கப்பா குடுத்த அஞ்சுல நாலு போயிடுச்சி. ஒன்னைக்கூட நான் இப்படிப் பார்த்ததில்லையே" என்றார்கள். ஆயாவின் கொலுசு எப்போதோ தேய்ந்து, வேறு கொலுசாக மாறி, கடைசியில் ஒரு கஷ்டத்தில் விற்றுப் போய்விட்டது. அம்மாவின் கொலுசும் அப்படித்தான்.

உண்மையைச் சொல்கிறேன். காலையில் பிரேயருக்குப் போகும்போது உங்கள் கொலுசுச் சத்தம் கேட்டால் எனக்கு இப்பவும் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வீட்டுக்குப் போய்க் காசை எடுத்துப் பார்ப்பேன்.

தோழிகளே, உங்கள் வீட்டிலும் பழைய காசு இருக்கலாம். புளி போட்டோ சாம்பல் போட்டோ தேய்க்காதீர்கள், சித்திரம் அழிந்துவிடும். உருக்கியே ஆகவேண்டிய நிலைமை வந்தால், அதற்கு முன் ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் எடுத்து ஒரு முறை தேய்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி